ஓர் ஈஸ்ட் கலம் எத்தனை கிராம்?

புதுக்கடை நீதிமன்றங்களில் போதைப்பொருள் வழக்குகளில் நிற்கும் எந்தச் சட்டத்தரணியும் கோப்பைத் திறந்ததும் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான். பகுப்பாய்வாளர் அறிக்கையில் எத்தனை கிராம்? இலங்கையின் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய 1984-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கச் சட்டம் எங்களை அப்படிப் பழக்கியிருக்கிறது. ஹெரோயின் 2 கிராம், கொக்கெய்ன் 2 கிராம், மோர்பின் 3 கிராம், அபின் 500 கிராம். இந்த எல்லைக்கு அப்பால் மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறை. 1976-க்குப் பிறகு இந்த நாட்டில் எவரையும் தூக்கிலிடவில்லை. ஆனால் தீர்ப்பு வாசிக்கப்படும்போது கூண்டில் நிற்பவருக்கு அந்த வரலாறு ஆறுதலாக இருந்ததை நான் பார்த்ததில்லை. 1.9 கிராமுக்கும் 2.1 கிராமுக்கும் இடையில்தான் எங்கள் தொழிலின் பாதி நடக்கிறது.

அக்காவின் மகன் கொழும்பில் மூலக்கூற்று உயிரியல் படிக்கிறான். வெள்ளவத்தையில் என் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டான்: “சித்தி, மோர்பின் செய்யக்கூடிய ஈஸ்ட் ஒரு குழாயில் இருக்கிறது. குழாய்க்குள் மோர்பின் துளியும் இல்லை. உங்கள் சட்டத்தில் அது எத்தனை கிராம்?”

“பூச்சியம்” என்றேன்.

“அதற்குச் சீனித் தண்ணீர் ஊற்றி ஒரு கிழமை வைத்தால்?”

சோற்றைச் சாப்பிடு என்றேன். நீதிமன்றத்தில் பதில் இல்லாதபோது தவணை கேட்போம்; வீட்டில் இப்படிச் சமாளிப்போம். ஆனால் கேள்வி போகவில்லை. அவன் தந்த கட்டுரைகளைப் படித்தேன், புரியாத இடங்களை அவனிடமே கேட்டேன், பிறகு எனக்குத் தெரிந்த சட்டத்தை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

அபின் செடி மோர்பினை ஒரே தாவலில் செய்வதில்லை. தைரோசின் என்ற சாதாரண அமினோ அமிலத்தில் தொடங்கி, நொதியம் மாற்றி நொதியமாக, படிப்படியாக மூலக்கூறை வளைத்தும் வெட்டியும் ஒட்டியும் போகிறது. ஒவ்வொரு நொதியத்துக்கும் ஒரு மரபணு உண்டு. அந்த மரபணுக்களை எல்லாம் ஈஸ்டுக்குள் சேர்த்துவிட்டால், பாணுக்கும் பியருக்கும் பயன்படுகிற அதே ஈஸ்ட், சீனியைத் தின்று அபினி வகை மருந்தை வெளியிட வேண்டும். கொள்கை இவ்வளவுதான். அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பல ஆய்வுக்கூடங்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டின.

2015-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மூன்றே மாத இடைவெளியில், எல்லாம் சேர்ந்து வந்தன. மே மாதத்தில் கலிபோர்னியாவின் பேர்க்லியில் ஜோன் டூபரும், கனடாவின் கொன்கோடியா பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் மார்ட்டினும், ஈஸ்ட் சீனியிலிருந்து ரெட்டிகுலின் என்ற இடைநிலைப் பொருள் வரை வருவதைக் காட்டினார்கள். அதற்கு மேலே ஒரு படி விடுபட்டிருந்தது. ரெட்டிகுலின் மூலக்கூறு இடக்கை வலக்கை போல இரண்டு வடிவங்களில் உண்டு. செடி ஒன்றை மற்றதாக மாற்றிய பிறகுதான் மோர்பின் பாதை திறக்கும். அந்த மாற்றத்தைச் செய்யும் மரபணு எதுவென்பதை யூன் மாதத்தில் பிரித்தானியாவின் யோர்க் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. ஓகஸ்டில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டினா ஸ்மோல்கியின் குழு முழுப் பாதையையும் ஒரே ஈஸ்டுக்குள் காட்டிவிட்டது: மோர்பின் பாதையில் வரும் இடைநிலைப் பொருளான தீபெயின் செய்ய 21 நொதியச் செயற்பாடுகள், வலிநிவாரணியான ஹைட்ரோகோடோன் செய்ய 23. அந்த ஈஸ்டுக்குள் அபின் செடியின் மரபணுக்கள் மட்டுமல்ல, வேறு தாவரங்களின் மரபணுக்களும், ஒரு பற்றீரியாவின் மரபணுவும், எலியின் மரபணுக்களும் குடியேறியிருந்தன. எலி எதற்கு என்று கேட்டேன். இடையில் ஒரு நொதியம் வேலை செய்ய ஒரு துணைப்பொருள் தேவை, அதைச் செய்யும் வழி எலியிடமிருந்து வந்தது என்றான். என் தொழிலில் சாட்சிகளை இத்தனை இடங்களிலிருந்து அழைத்துவந்தால் நீதவான் எழுந்து போய்விடுவார்.

பத்திரிகைகள் உடனே வீட்டு அடுப்படியில் ஹெரோயின் வடிக்கலாம் என்று எழுதின. உண்மையில் ஸ்டான்ஃபோர்ட் ஈஸ்டிலிருந்து ஒரே ஒரு வேளை மருந்தைப் பெற ஏறக்குறைய 16,600 லீற்றர் கலவை தேவைப்பட்டிருக்கும். வணிகத்துக்கு உதவ வேண்டுமானால் விளைச்சல் ஒரு லட்சம் மடங்கு கூட வேண்டும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். எங்கள் சட்டத்தின் மொழியில் பெயர்த்துப் பார்த்தேன்: அந்த விளைச்சலில் 2 கிராம் சேர்ப்பதற்கு 60 லட்சம் லீற்றருக்கும் மேல் வேண்டும். அவ்வளவு கலவையை ஒளித்துவைக்க கொழும்பில் பேரே வாவியை விட்டால் எனக்கு வேறு இடம் தோன்றவில்லை.

அதே ஆண்டில் ஸ்மோல்கி, ட்ரூ எண்டி ஆகியோரின் குழு இன்னொரு சோதனையையும் செய்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தீபெயின் செய்யும் தங்கள் ஈஸ்டை எடுத்து, வீட்டில் பியர் வடிப்பவர்கள் வைத்திருக்கிற மாதிரியான சூழலில் நொதிக்க விட்டார்கள். மதுசாரம் நன்றாக வந்தது. தீபெயின் கண்டறியும் அளவுக்குக்கூட வரவில்லை. ஈஸ்டுக்குச் சீனியும் காற்றில்லாத இடமும் கிடைத்தால் அது தன் பழைய தொழிலுக்கே போய்விடுகிறது.

இதை வாசித்தபோது கசிப்புதான் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் ஈஸ்டை வைத்துச் சட்டத்தோடு மோதுபவர்கள் புதியவர்கள் அல்லர். சீனி, தண்ணீர், ஈஸ்ட், ஒரு பீப்பாய், கிடைப்பது கோடா. கோடாவைக் காய்ச்சி வடித்தால் கசிப்பு. களனி ஆற்றங்கரைப் பற்றைகளிலும் தோட்டப்புறங்களிலும் பொலிஸார் பீப்பாய்களைக் கவிழ்த்த செய்தியைப் படிக்காமல் ஒரு மாதம் போவதில்லை. இத்தனை காலம் இந்தத் தொழில் செய்பவர்களின் கையில் ஸ்டான்ஃபோர்ட் ஈஸ்டையே கொடுத்தாலும் அவர்களுக்குக் கிடைக்கப்போவது வழக்கமான கோடாதான். வெப்பம், காற்று, அமிலத்தன்மை எல்லாவற்றையும் கணத்துக்குக் கணம் கட்டுப்படுத்தும் தொட்டியும், அந்தக் கலவையிலிருந்து மிகச் சொற்பமான பொருளைப் பிரித்தெடுக்கும் இரசாயன அறிவும் இல்லாமல் எதுவும் நடக்காது. அந்த அறிவும் கருவியும் உள்ளவருக்கு இதைவிட எளிதான குற்றங்கள் ஏராளம்.

கடத்தல்காரர் பக்கமிருந்தும் பார்ப்போம். அவருக்கு ஈஸ்ட் எதற்கு? நம் நாட்டுக்கு ஹெரோயின் வருவது பெரும்பாலும் ஈரான், பாகிஸ்தானின் மக்ரான் கடற்கரையிலிருந்து புறப்படும் படகுகளில். நடுக்கடலில் நெடுநாள் மீன்பிடி வள்ளங்களுக்கு மாறுகிறது. கடற்படை பிடித்தால் சாக்குகள் திக்கோவிட்ட துறைமுகத்தில் வரிசையாக அடுக்கிப் படம் எடுக்கப்படும். ஆப்கானிஸ்தானில் 2022 ஏப்ரலில் தாலிபான் பொப்பி எனப்படும் அபின் செடியின் செய்கையைத் தடைசெய்தது. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் குற்ற அலுவலகத்தின் கணக்குப்படி 2022-இல் 6,200 தொன்னாக இருந்த அபின் விளைச்சல் 2023-இல் 333 தொன்னாக விழுந்தது. இத்தகைய வீழ்ச்சி வந்தால் சந்தை ஈஸ்டுக்குப் போகாதா? போகாது. செடியும் வேண்டாம், ஈஸ்டும் வேண்டாம் என்று முழுக்க இரசாயனத்தால் செய்யப்படும் ஃபென்டனில், நைட்டசீன் வகைகளுக்குப் போகும். மிகச் சிறிய பொதியில் பெரும் வலு. ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமின் இங்கே வேரூன்றிய விதமும் அதுதான்: அதற்கு வயலும் பருவமழையும் தேவையில்லை. 2022-இல் நம் சட்டத்தைத் திருத்தி அதையும் அட்டவணையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

சரியாக வளர்ந்த ஈஸ்ட் தொழிற்சாலைக்கே செடியோடு போட்டி போடுவது சுலபமில்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் இதற்கு நல்ல சாட்சி. ஜே கீஸ்லிங்கின் குழு 2006-இல் ஈஸ்ட் வழியை அறிவித்தது. 150 மனித ஆண்டுகளின் உழைப்பு என்று கணக்குச் சொல்வார்கள். 2013-இல் சனோஃபி நிறுவனம் இத்தாலியில் பெருமளவில் உற்பத்தி தொடங்கியது. இருந்தும் செடி வளர்க்கும் விவசாயியின் விலையை அந்த ஈஸ்டால் நிரந்தரமாக வெல்ல முடியவில்லை. அந்த ஆலை பிறகு கைமாறியது.

ஆகவே பயப்பட எதுவுமில்லை என்று இந்த இடத்தில் பேனாவை மூடியிருக்கலாம். ஆனால் எல்லாப் போதைப்பொருளுக்கும் 23 படிகள் தேவைப்படுவதில்லை.

மாயக்காளானில் இருக்கும் சைலோசைபினை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான நொதியங்களை 2017-இல் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து டிர்க் ஹோஃப்மைஸ்டரின் குழு வெளியிட்டது. முக்கியமானவை நான்கே. இரண்டு ஆண்டுகளில், 2019-இல், அமெரிக்காவின் ஒஹாயோவிலுள்ள மயாமி பல்கலைக்கழகக் குழு ஒன்று ஈகோலை பற்றீரியாவில் லீற்றருக்கு 1.16 கிராம் எடுத்துவிட்டது. மருத்துவச் சோதனைகளில் ஒரு வேளைக்குத் தரப்படுவது 25 மில்லிகிராம் அளவு. அதாவது ஒரு லீற்றரில் நாற்பது பேருக்கு மேல். 16,600 லீற்றருக்கு ஒருவர் என்ற கணக்கிலிருந்து இது எவ்வளவு தூரம்! அதே 2019-இல் கீஸ்லிங் குழு ஈஸ்டிலிருந்து கஞ்சாவின் வேதிப்பொருள்களை எடுத்தது. 2020-இல் ஸ்மோல்கியின் ஆய்வுக்கூடம் நம் ஊமத்தையில் இருக்கிற ஸ்கோபோலமினை ஈஸ்டில் செய்தது. 2022-இல் எல்எஸ்டியின் மூலப்பொருளான லைசெர்ஜிக் அமிலம் ஈஸ்டிலிருந்து வந்தது; சீனாவின் குன்மிங் தாவரவியல் நிறுவனத்தார் கொக்கெய்ன் பாதையைப் புகையிலை இனத்துச் செடி ஒன்றுக்குள் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நம் பாராளுமன்றத்தில், ஏற்றுமதிக்குக் கஞ்சா பயிரிடலாமா என்று ஆராய நிபுணர் குழு அமைப்பது பற்றி வரவுசெலவுத் திட்ட உரையில் சொல்லப்பட்டது. நாம் வயலைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது உலகம் வயலைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டின் அடிப்படைச் சட்டம் நச்சுப் பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1929-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்கம். அது தாவரங்களைப் பெயர் சொல்லித் தடுக்கிறது: பொப்பி, கொக்கா, கஞ்சா. அனுமதிப்பத்திரமின்றி விதைக்கக்கூடாது, நடக்கூடாது, வைத்திருக்கக்கூடாது. 1929-இல் அந்தத் தடையே போதுமானதாக இருந்தது. போதைப்பொருள் மண்ணிலிருந்து வருவது, மண்ணைக் காவல்காத்தால் போதும். 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. ஒற்றைச் சமவாயமும் அதே உலகத்தில்தான் வாழ்கிறது. செடி வளர்ப்பு ஒன்று, செடியிலிருந்து அபினையோ கொக்கா இலையையோ கஞ்சாவையோ பிரித்தெடுப்பது இன்னொன்று, இவை தவிர்ந்த வேறெந்த வழியிலும் போதைப்பொருளைப் பெறுவது மூன்றாவது என்று அது வகுக்கிறது. ஈஸ்ட் வழி இந்த மூன்றாவது வலைக்குள் விழும் என்பது என் வாசிப்பு. கலவையில் மோர்பின் இருந்தால் அது மோர்பின்தான். ஈஸ்ட் செய்தது என்பதால் எவரும் விடுதலையாகப் போவதில்லை. நம் 1984 திருத்தமும் கடத்தலோடும் உடைமையோடும் சேர்த்து உற்பத்தியையும் குற்றமாக்குகிறது. இறுதிப் பொருளைப் பொறுத்தவரை சட்டத்தில் ஓட்டை இல்லை.

ஓட்டை அதற்கு முந்திய கட்டத்தில் இருக்கிறது. செடி வளர்வதைச் சட்டம் பார்க்கும். செடிக்குப் பதிலாக நிற்கும் நுண்ணுயிரை அது பார்க்காது. பொப்பி விதையிலிருந்து முளைத்த ஒரு கன்று உங்கள் தோட்டத்தில் நின்றால், அதில் ஒரு துளி பால் சுரக்காவிட்டாலும், நீங்கள் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதே மரபணுக்களைச் சுமந்த ஈஸ்ட் உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் உறைந்து கிடந்தால்? அது செடி இல்லை. போதைப்பொருளும் இல்லை. அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பினால், தேடிய பொருள் இல்லை என்றுதான் அறிக்கை வரும். அவர்களிடம் கேட்கப்படுவது பொருள் என்ன, நிறை எவ்வளவு என்பதுதான். ஆனால் அந்தக் குழாயில் இருக்கும் ஈஸ்டுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நிறையை வைத்துக் குற்றத்தை அளக்கும் சட்டத்துக்கு, காலையில் ஒரு நிறையும் மாலையில் இன்னொரு நிறையும் காட்டும் சான்றுப்பொருளை எப்படிக் கையாள்வது என்று தெரியாது. சான்றறையில் யாராவது மூடியைத் திறந்துவைத்தால் குற்றம் தானாகவே பெருகும்.

மூலப்பொருளைக் கட்டுப்படுத்தும் வழியும் இங்கே அடைபட்டுவிடுகிறது. 1988-ஆம் ஆண்டுச் சமவாயம் போதைப்பொருள் செய்ய உதவும் இரசாயனங்களை இரண்டு அட்டவணைகளில் போட்டுக் கண்காணிக்கச் சொல்கிறது. நாமும் 2008-ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டத்தால் அதை உள்நாட்டுச் சட்டமாக்கினோம். ஹெரோயினுக்கு அசெட்டிக் அன்ஹைட்ரைட், ஐஸுக்கு எபெட்ரின் என்று பின்தொடரலாம். ஈஸ்டின் மூலப்பொருள் சீனி. சீனி வாங்குபவர் பட்டியலைப் பொலிஸார் எடுத்தால் முதலில் என் மாமியைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில் அவரைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

வடிவத்தைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் வடிவம் மாறியதும் தடுமாறுவது இது முதல்முறை இல்லை. பிரித்தானியாவில் 2005 வரை உலராத மாயக்காளான் கடைகளில் வெளிப்படையாக விற்பனையானது. சட்டம் சைலோசைபினையும் அது அடங்கிய தயாரிப்பையும்தான் தடுத்திருந்தது, பறித்த காளான் தயாரிப்பா என்று வழக்கறிஞர்கள் கேட்டார்கள். அந்த ஆண்டுச் சட்டத்தால் அந்தக் கதவு மூடியது. நெதர்லாந்து 2008-இல் காளானைத் தடைசெய்தது. அதே பூஞ்சணம் மண்ணுக்கடியில் உருவாக்கும் கிழங்கு போன்ற பகுதி பட்டியலில் இல்லை, அது தொடர்ந்து விற்பனையானது. அமெரிக்காவில் காளானின் வித்தியில் சைலோசைபின் இல்லை என்பதால் கூட்டாட்சிச் சட்டம் அதைத் தொடுவதில்லை. சில மாநிலங்கள் மட்டும் தடுத்திருக்கின்றன. ஈஸ்ட் குழாய் இந்த வித்தியின் உறவுக்காரன். உள்ளே பொருள் இல்லை, பொருளாகும் ஆற்றல் மட்டும் இருக்கிறது.

ஆற்றலைக் குற்றமாக்க நமக்குத் தெரியாதா? தெரியும். கசிப்புச் சட்டம் அதைத்தான் செய்கிறது. 1912-ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வடிக்காத கோடாவை வைத்திருப்பதற்கும், வடிக்கும் நோக்கத்தோடு பொருள்களையும் பாத்திரங்களையும் வைத்திருப்பதற்கும் வழக்கு வரும். ஒரு துளி கசிப்பு சொட்ட வேண்டியதில்லை. இந்த முன்மாதிரியைப் பார்த்து ஈஸ்டுக்கும் அப்படியொரு பிரிவு எழுதினால் போதும் என்று என் மூத்த சட்டத்தரணி சொன்னார். அவர் சொன்னால் பொதுவாக ஒத்துக்கொள்வேன், அவர் ‘சேர்’. இதில் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கோடா பீப்பாய் வைத்திருப்பவருக்கு அது எதற்கென்று தெரியும், பார்க்கிற பொலிஸாருக்கும் தெரியும், மூக்கே சாட்சி சொல்லும். ஈஸ்ட் குழாயை முகர்ந்து எவராலும் எதையும் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தின் ஆழ்குளிர்ப் பெட்டியில் முகவரியும் எண்ணும் ஒட்டிய நூற்றுக்கணக்கான குழாய்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் ரெட்டிகுலின் வரை போகும் ஈஸ்ட் இருக்கலாம். அது அபினி வகை மருந்துகளுக்கும் வழி, அந்த வகையே அல்லாத வேறு மருந்துகளுக்கும் வழி. இருமலுக்குத் தரப்படும் நொஸ்கப்பினை 2018-இல் ஈஸ்டில் செய்தபோதும் இதே ரெட்டிகுலின் வழியாகத்தான் போனார்கள். எந்தச் சந்தியில் நிற்பவன் குற்றவாளி?

எனக்குப் பயம் கடத்தல்காரர்களைப் பற்றியதல்ல. நம் சட்டமியற்றும் பழக்கத்தைப் பற்றியது. புதிய பொருள் வரும், பத்திரிகை அலறும், அவசரமாக ஒரு திருத்தம் வரும், அட்டவணையில் ஒரு வரி கூடும், பக்கத்தில் தண்டனை. ஐஸுக்கு அப்படித்தான் வந்தது. ஐஸுக்கு அதில் பெரிய தவறில்லை. அது பொருள், எடைபோடலாம். ‘போதைப்பொருளை உற்பத்தி செய்யக்கூடிய உயிரினம்’ என்று ஒரு வரி அதே அட்டவணையில் ஏறினால், அதில் முதலில் சிக்கப்போவது மீன்பிடி வள்ளத்தின் சொந்தக்காரர் இல்லை. வெளிநாட்டுக் கூட்டாளியிடமிருந்து தபாலில் ஓர் ஈஸ்ட் வகையை வரவழைத்த ஆராய்ச்சி மாணவி. சுங்கத்தில் பொதி திறக்கப்படும். அவள் விளக்குவாள். விளக்கம் புரியாத அதிகாரி, தான் பாதுகாப்பாக இருக்கக்கூடிய ஒரே காரியத்தைச் செய்வார்: மேலே அனுப்புவார். விளக்கமறியலில் இருக்கும்போது மரபணு வரிசையைப் பற்றி நிபுணர் சாட்சியம் தேடுவது எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். தூய ஹெரோயினின் நிறையைச் சொல்லும் சாதாரண அறிக்கைக்கே நாங்கள் மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறோம்.

மாற்று வழியை மேற்கே பலர் யோசித்திருக்கிறார்கள். டூபரும் மார்ட்டினும் 2015-இல் தங்கள் முடிவுகளை வெளியிடும் முன்பே மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் கென்னத் ஓயிடம் போய் இதை என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அதற்காகவே அவர்களுக்கு ஒரு வணக்கம். ஓயும் அவருடைய தோழர்களும் எழுதிய யோசனைகளில் சில எனக்குப் பிடித்தன. ஈஸ்ட் வகையையே குற்றவாளிக்கு உதவாததாக வடிவமைக்கலாம்: தெருவில் விலைபோகாத இடைநிலைப் பொருளோடு நிற்கும்படி, அல்லது சாதாரணமாகக் கிடைக்காத ஒரு சத்து இல்லாமல் வளராதபடி. உரிமம் பெற்ற இடத்தில் மட்டும் வைத்திருக்கச் செய்யலாம். மரபணுக்களைக் கட்டளைக்கு ஏற்பத் தயாரித்து விற்கும் நிறுவனங்கள், இந்த வரிசைகளைக் கேட்பவர் யாரென்று சரிபார்க்கலாம். இந்தக் கடைசி யோசனைதான் என் பார்வையில் முக்கியமானது. சீனியைக் கண்காணிக்க முடியாது. செயற்கை டிஎன்ஏ விற்பவர்களைக் கண்காணிக்கலாம். அந்த நிறுவனங்கள் பல 2009 முதல் கூட்டமைப்பாக இயங்கி, ஆபத்தான நோய்க்கிருமிகளின் வரிசைகளை யாராவது கேட்டால் சோதிக்கின்றன. பெரியம்மைக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை மோர்பினுக்கும் காட்டச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லை. இலங்கைக்கு இதில் செய்ய வேண்டியதும் குறைவு: நாம் டிஎன்ஏயைத் தயாரிப்பதைவிட வரவழைப்பதே அதிகம், கதவு ஒன்றுதான், அது சுங்கம்.

உரிமம் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனம். ஏனென்றால் போதைப்பொருள் உரிமம் என்ற சொல்லைக் கேட்டால் நம் நாட்டில் நல்லவர்கள்தான் முதலில் பின்வாங்குகிறார்கள். பெரியம்மாவுக்கு எலும்புவரை புற்றுநோய் பரவியபோது, ஊரிலிருந்த வைத்தியசாலையில் மோர்பின் மாத்திரை இல்லை. எழுதித்தரத் தயங்கிய இளம் வைத்தியர் கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்றார். வலிக்கு மருந்து வாங்க நோயாளியை வலியோடு ஏ9 வீதியில் ஏற்றிவந்தோம். அந்த வைத்தியரைக் குறைசொல்லி என்ன பயன்? பதிவேடு, கையெழுத்து, பூட்டு, விசாரணை என்று அவரைப் பயமுறுத்தி வைத்திருந்ததும் சட்டம்தான். உலக அளவில் நிலைமை இதைவிட மோசம். 2017-இல் லான்செட் ஆணைக்குழு சொன்ன கணக்கு: ஆண்டுதோறும் உலகில் விநியோகமாகும் மோர்பின் வகை மருந்து ஏறத்தாழ 299 தொன், குறைந்த வருமான நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 தொன். போதையைத் தடுக்க எழுதிய விதிகள் வலியைத் தடுக்கும் மருந்தைத் தடுத்துவைத்திருக்கின்றன.

ஈஸ்ட் இந்தக் கணக்கை மாற்றக்கூடும். சட்டபூர்வமான பொப்பி இன்று தாஸ்மேனியா, துருக்கி, இந்தியா, பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற சில இடங்களில்தான் விளைகிறது. மழை தவறினாலும் நோய் வந்தாலும் உலகத்தின் வலிநிவாரணி இருப்பு ஆடும். ஸ்மோல்கி தொடங்கிய அந்தியா நிறுவனம் தொழிற்சாலை அளவுத் தொட்டிகளில் தீபெயின் எடுப்பதாக 2024-இல் அறிவித்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் 16,600 லீற்றருக்கு ஒரு வேளை என்றிருந்த கதை அது. 2022-இல் டொலர் இல்லாமல் வைத்தியசாலைகள் மருந்துக்குக் கையேந்தி நின்ற நாட்டுக்கு, சீனியிலிருந்து வலிநிவாரணி என்பது பத்திரிகைக் கிளுகிளுப்பு அல்ல. நாம் நாளைக்கே மோர்பின் ஆலை கட்டப்போவதில்லை, அது தெரியும். ஆனால் அந்த வழியைப் படித்த பத்துப் பேராவது நம் பல்கலைக்கழகங்களில் இருக்க வேண்டும். அட்டவணையில் அந்த ஒரு வரி ஏறினால் அந்தப் பத்துப் பேரும் வேறு தலைப்புக்குப் போய்விடுவார்கள்.

என்னிடம் வரைவைக் கொடுத்தால் எப்படி எழுதுவேன் என்று அக்காவின் மகன் கேட்டான். தண்டனை அட்டவணையைத் தொடமாட்டேன் என்றேன். இறுதிப் பொருளுக்கு இருக்கும் சட்டமே போதும். உயிரினத்துக்குத் தனிப் பகுதி வேண்டும்: தடைசெய்யப்பட்ட பொருளை முழுமையாகச் செய்து முடிக்கும் வகைக்கு மட்டும் பதிவு, இடைநிலையில் நிற்பவற்றுக்கு அறிவித்தல் போதும். பதிவு செய்யத் தவறினால் முதலில் தண்டப்பணம், குழாயை அழித்தல். குற்ற வழக்குத் தொடர்வதானால், விற்கும் நோக்கம் இருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும். வைத்திருந்ததே நோக்கத்துக்குச் சான்று என்ற ஊகம் கூடாது. பதிவை யார் வைத்திருப்பது? தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிடம் கொடுக்கலாம், ஆனால் பக்கத்தில் நுண்ணுயிரியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். சான்றுப்பொருளாக வரும் உயிருள்ள குழாயை எந்த வெப்பநிலையில், யாருடைய பொறுப்பில், எவ்வளவு காலம் வைப்பது, எப்போது கொல்வது என்பதும் விதியாக வேண்டும். இல்லாவிட்டால் எந்த ஜூனியரும் முதல் தவணையிலேயே சான்றுத் தொடரை உடைத்துவிடுவார். நானே உடைப்பேன்.

“கிராம் எத்தனை என்று எழுதமாட்டீர்களா?” என்று கேட்டான்.

மாட்டேன். குழாய் எண்ணும், அதில் உள்ள மரபணு வரிசையும், அதை வாங்கியவரின் பெயரும் போதும்.